கல்லீரலுக்காகக் கிடாரியை அவிழ்த்துவிட்டது

நான் மணமாகி வந்த கருமத்தம்பட்டி வீட்டில், என் கணவரின் கல்லீரல் தெருவுக்கே பொதுச்சொத்தாக இருந்தது. அறுபதுகளின் தொடக்கம் அது. அவருக்கு முதல் தடவை மஞ்சள் காமாலை வந்தபோது கீழாநெல்லிக்கு அது கட்டுப்பட்டுவிட்டதாக நம்பினோம். மூன்று மாதத்தில் திரும்பி வந்து, இம்முறை தங்கியே விட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றியதும் நேரே கட்டிலுக்குச் சென்று, அவருடைய கீழிமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள்.

“நேத்தைக்கு இன்னிக்குத் தேவலைங்க” என்பார் பால்காரர்.

“ஏனுங்க, நேத்தைய விட மஞ்சளாட்டமல்ல இருக்குது!” என்பார் அவருக்குப் பின்னாலேயே வரும் பக்கத்து வீட்டு அம்மாள்.

இரண்டையும் என் கணவர் தலையசைத்து ஏற்றுக்கொள்வார். மறுத்துப் பேசவும் தெம்பு வேண்டுமே.

காமாலைக்காரன் காலைத் தரையில் ஊன்றினால் பித்தம் தலைக்கேறும் என்பது என் மாமியாரின் கட்சி. அவரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. அன்று மருத்துவர்களும் படுக்கச் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆறு மாதம் கட்டிலிலேயே கிடந்ததில் அவருடைய கால்கள் முருங்கைக் குச்சிகளாகிவிட்டன. அவர் மேற்பார்வையாளராக இருந்த மில்லின் நெசவுப் பகுதியிலிருந்து, இன்னும் மூன்று மாதந்தான் இடத்தை வைத்திருக்க முடியும் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகுதான் கோயம்புத்தூரில் புதிதாக வந்திருந்த ஒரு டாக்டரிடம் அவரை அழைத்துச் சென்றேன். டாக்டர் அவருடைய விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார்.

“ஈரல்ல வீக்கம் தங்கிப்போச்சுங்க. இது கண்ணுக்குத் தெரியாத கிருமி. அதுக்கு மருந்து எங்ககிட்ட இன்னும் இல்லை. ஆனா இப்படிப் படுத்தே கெடந்தா ஈரலும் தேறாது, காலும் போயிரும். தெனமும் மெல்ல நடக்கட்டும். களைச்சா உக்காரட்டும். மூணு மாசம் கழிச்சு, பஸ் ஸ்டாண்டிலிருந்து இங்க வரைக்கும் நடந்தே வரட்டும். வந்தா வேலைக்குப் போகலாம்னு எழுதித் தாரேன்.”

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். “அந்த டாக்டருக்கு மீசையே இன்னும் நேரா மொளைக்கலை” என்று என் மாமியார் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

நான் பொருளாதாரம் படித்துப் பட்டம் பெற்றவள். எந்தச் செயலையும் அதன் விளைவை எடைபோட்ட பிறகே செய்ய வேண்டும் என்பதில் உறுதியுள்ளவள். எடைபோட்டேன். அவர் நடந்து நோய் முற்றினால் பழி என் மேல் மட்டும் விழாது. படித்த மருமகள்கள் அனைவர் மேலும் விழும். என் நாத்தனார் மகளைக் கல்லூரிக்கு அனுப்பலாமா என்று நடந்துகொண்டிருந்த பேச்சும் அன்றோடு நின்றுவிடும். அவர் நடக்காமல் வேலை போனாலோ, பழி விதியின் மேல் விழும். விதிக்கு மாமியார் கிடையாது. எனக்கு உண்டு. இருந்தும் அவருடைய கால்களைப் பார்த்தபோது தராசு ஒரு பக்கமாகவே சாய்ந்தது.

அந்த வீட்டில் பித்தத்தைவிடப் பெரிய சட்டம் ஒன்றும் இருந்தது. மாடு கட்டும் கட்டுத்தரை காலியாக இருக்கும்போது வீட்டில் விளக்கு வைக்கக் கூடாது. அப்போது எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கிடாரிக் கன்று. தாயை இழந்த அதை என் கணவர்தான் கையால் பாலூட்டி வளர்த்தார். அது அவர் குரலுக்கு மட்டுமே திரும்பும். ஒரு நாள் மாலை, மாமியார் அடுப்படியில் இருந்தபோது, முளையில் கட்டியிருந்த கயிற்றின் முடிச்சை அவிழ்த்து, கிடாரியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன்.

“அய்யோ, கிடாரியைக் காணமே! வெளக்கு வெக்கற நேரமாச்சே!” என்று மாமியார் பதறினார். அவர் பார்வை கட்டிலின் மேல் விழுந்தது. “சாமி, படுத்துட்டே ஒரு சத்தம் குடு.”

என் கணவருக்குத் திட்டம் தெரியும். முற்றத்துச் சேவல்கூடத் திரும்பிப் பார்க்காத ஒரு குரலை எழுப்பினார். “இங்கிருந்து கேக்காதுங்கம்மா.”

மாமியார் சற்று யோசித்தார். பிறகு தாம் இயற்றிய சட்டத்தில் தாமே ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார். “செருப்பப் போட்டுக்க. செருப்பு போட்டா கால் தரையில படாது. கெணறு வரைக்கும் போயி ஒரு சத்தம் குடுத்துட்டு வா.”

தண்ணீர்ச் செம்போடு நான் பின்னால் போனேன். கிணற்று மேட்டில் அவர் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்; பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆறு மாதத்துக்குப் பின் அவர் சிரித்தது அன்றுதான்.

அதன் பிறகு எங்கள் கிடாரி அடிக்கடி தொலைந்தது. முதலில் கிணறு வரை. பிறகு சோளக்காடு வரை. ஒரு மாதத்தில் அவினாசி ரோடு வரை. சில வாரத்தில் நான் முடிச்சைத் தொட்டதுமே அது வாசலைப் பார்த்து நின்றது. இடையில் ஒரே ஒரு இடையூறு. சைக்கிள் வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் உதவும் எண்ணத்தோடு, ஐந்தே நிமிடத்தில் அதைத் தேடிப் பிடித்து வந்தார். “ஏனுங்க மாப்பிள்ளை, நீங்க எதுக்கு எந்திரிக்கறீங்க? நான் இருக்கறனல்லோ!” அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, மறுநாள் அவர் கடைவீதிக்குப் போனபின் அவிழ்த்தேன்.

ஊர் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? ஒரு நாள் மாட்டுத் தரகர் ஒருவர் வந்து, கிடாரியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அதன் பின்தொடைக்கு மேலே மயிர் சுழித்திருந்த இடத்தில் விரலை வைத்தார்.

“பாருங்க பெரியம்மா, சுழி. ஊடு தங்காத சுழிங்க இது. ஊட்டுக்காரருக்கும் ஆகாது. உங்க பையனுக்குக் காமாலை வந்ததே இதாலதானுங்க.”

மாமியார் அதை அப்படியே நம்பினார். வருகிற சந்தைக்கே கிடாரியை ஓட்டிவிடுவது என்று முடிவாயிற்று. வீடு தங்காத மாட்டை விவசாயி எவரும் வாங்க மாட்டார்; கசாப்புக்குத்தான் போகும். டாக்டரிடம் போக இன்னும் ஒரு மாதம் இருந்தது. கிடாரி போனால் நடையும் போகும், வேலையும் போகும். என் பொய்யால் யாருக்கும் தீங்கில்லை என்பதே அதுவரை என் வாதம். வாயில்லா ஜீவன் ஒன்று என் பழியைச் சுமந்து கத்திக்குப் போகும் என்பதை நான் எடைபோடவே இல்லை.

“அத்தைகிட்ட உண்மையைச் சொல்லிடறனுங்க” என்றேன்.

“நீ சொன்னா அது படிச்ச மருமகளோட திமிரு” என்றார் என் கணவர். “நான் சொன்னா பையனோட வெளையாட்டு. நானே சொல்றேன்.”

சொன்னார். மாமியார் விசாரணையைத் தொடங்கினார்.

“எத்தன நாளா?”

“ரெண்டு மாசமாச்சுங்கம்மா.”

“எது வரைக்கும் நடந்தே?”

“அவினாசி ரோடு வரைக்குமுங்க.”

அவர் எழுந்து வந்து மகனின் இமையை இழுத்துப் பார்த்தார். குனிந்து கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “ஏம் அம்மணி, முடிச்ச அவுத்தது நீயா?”

“ஆமாங்கத்தை.”

“நான் போட்ட முடிச்சுக் கண்ணு அது. இந்த ஊர்ல ஒருத்தராலயும் அவுக்க முடியாது.” குரலில் இருந்தது கோபமா, வியப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அடுத்து வந்தது தண்டனை. “நல்ல மாட்டுக்குக் கெட்ட பேர் வாங்கிக் குடுத்துப்போட்டீங்க. நீங்களே மாத்தோணும். தெனமும் சாயங்காலம் கயித்தப் புடிச்சு, தெருவுக்கு அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும் நாலு தடவை நடத்திக் காட்டோணும்.”

திருட்டு நடை இவ்வாறு அரசாங்க நடையாயிற்று. முன்னால் மாமியார், நடுவில் கயிற்றைப் பிடித்தபடி என் கணவர், அவர் பின்னால், ஓட அனுமதி இல்லாததால் மனம் நொந்த கிடாரி, கடைசியில், “களைச்சா உக்காருங்க” என்று சொல்லிக்கொண்டே நான். “பாத்துக்குங்க, எங்க ஊட்டுக் கிடாரி ஓடறதில்லீங்க!” என்று மாமியார் வாசல் வாசலாக அறிவிப்பார். மூன்று வாரம் கழித்து வந்த தரகர், மறுபடியும் தடவிப் பார்த்துவிட்டு, “சுழி கொஞ்சம் எடம் மாறிப்போச்சுங்க” என்றார்.

குறித்த நாளில் கோயம்புத்தூர் போனோம். மாமியாரும் வந்தார். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் மகனுக்காக ஒரு குதிரை ஜட்கா பேசினார். என் கணவர் ஏற மறுத்தார். பேசிய வண்டியை அனுப்ப மனமில்லாமல் மாமியாரே ஏறிக்கொண்டு, மகன் விழுந்தால் தூக்கிப் போட வசதியாக அவருக்குப் பக்கத்திலேயே ஓட்டச் சொன்னார்.

“பெரியம்மா, அவரு தெம்பாத்தானுங்க நடக்கறாரு” என்றார் வண்டிக்காரர். “குருதைக்குத்தான் இத்தன மெதுவா நடந்து பழக்கமில்லீங்க.”

டாக்டர் விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். “வீக்கம் கொறைஞ்சிருக்குது, முழுசாப் போகலை. நடந்ததாலதான் கொறைஞ்சுதுன்னு நான் சொல்ல மாட்டேன். நடந்ததால கெட்டுப்போகலை, அது நிச்சயம். காலும் நல்லாத் தேறியிருக்குது.” அரை நாள் வேலை, உட்கார்ந்து பார்க்கும் வேலை, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தம்மிடம் வர வேண்டும் என்று எழுதினார்.

“அரை நாள்தானுங்களா? மீதி அரை நாளைக்கு?” என்றார் மாமியார்.

“நடக்கட்டுமுங்க.”

மீசை சரியாக முளைக்காத அந்த டாக்டரை மாமியார் முதல் தடவையாக ஏற இறங்கப் பார்த்தார். என் கைக்கு வரவேண்டிய காகிதத்தைத் தாமே வாங்கி, நான்காக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டார். அடுத்த திங்கட்கிழமை மில் வாசலில் அதை எடுத்துக் காவல்காரரிடம் நீட்டியவரும் அவர்தான்.

“என்ற பையனுங்க. பஸ்ஸுலிருந்து எறங்கி நடந்தே வந்திருக்கறான். கதவத் தொறங்க.”