அக்காவின் பஸ் பிங்க் ஆன ஞாயிற்றுக்கிழமை

என் அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். ஊரார் லிஃப்ட் எங்கே மக்கர் பண்ணினாலும் கண்டுபிடித்துவிடுவார். தன் வீட்டில் மட்டும் ஒரு பொருளை அதன் இடத்தில் வைக்கமாட்டார். ஸ்க்ரூ டிரைவர் ஃப்ரிட்ஜில் இருக்கும், மூக்குக்கண்ணாடி செருப்பு அலமாரியில் இருக்கும். கேட்டால், "எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்ல, அப்புறம் என்ன?" என்பார். அந்தப் பதிலைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்கா பஸ் டிரைவர். அத்தான் வேலை முடிந்து வந்து கம்ப்யூட்டர் விளையாட்டில் பஸ் ஓட்டுவார். "இத்தனை பஸ் இருக்கு, என் பஸ்ஸைக் காணோமே" என்று அக்கா ஒருநாள் சும்மா சொல்லிவைத்தாள். மனிதர் அதைப் பிடித்துக்கொண்டார். அவள் பஸ்ஸைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்து, பின்பக்க மூலையில் இருந்த நசுங்கல்கூட விடாமல் அச்சு அசலாகக் கம்ப்யூட்டரில் உருவம் செய்தார்.

அந்த நசுங்கல் அக்காவின் வயிற்றெரிச்சல். அவள் லீவில் இருந்த அன்று பஸ்ஸை எடுத்தவர் மீசை என்கிற சீனியர் டிரைவர். அக்கா வேலைக்குத் திரும்பியபோது பஸ் நசுங்கியிருந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் எடுக்கும்போதே நசுங்கித்தான் இருந்துச்சு. பொம்பளைக்கு ரிவர்ஸ் வருமா?" என்று டிப்போ முழுக்கச் சொல்லிச் சிரித்தவரும் அவர்தான். பழி அக்கா தலையில் விழுந்தது.

உருவம் செய்தால் மட்டும் போதாதாம். அதன்மேல் போர்த்த பெயிண்ட் படம் ஒன்று, பட்டியலில் தெரிய சின்னப் படம் ஒன்று வேண்டும். இவை எங்கே இருக்கின்றன என்று விளையாட்டுக்கு முகவரி எழுதிக் கொடுக்க வேண்டும். முகவரி தப்பினால் பெயிண்ட் படம் கிடைக்காமல் விளையாட்டு பஸ் முழுக்க பிங்க் அடித்துவிடும். முதலில் பிங்க்தான் வந்தது. அத்தான் எதையோ நோண்டினார், அக்கா பஸ்ஸின் பச்சை வந்தது. அக்கா வாய் சும்மா இருக்குமா? டிப்போவில் தம்பட்டம் அடித்து, மீசை உட்பட ஆறு பேரை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்துவிட்டாள்.

அத்தானின் கம்ப்யூட்டர் அறையில் இரண்டு பேர் நின்றாலே மூச்சு முட்டும். அதனால் என் லேப்டாப்பில் எல்லாவற்றையும் ஏற்றி, ஹாலில் டிவியோடு மாட்டினார்.

பட்டியல் வந்தது. வரிசையாகப் பஸ் படங்கள். அக்கா பஸ் இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் அம்மாவின் பாஸ்போர்ட் போட்டோ.

"அளவு சரியா இருந்துச்சு, சும்மா சோதனைக்குப் போட்டேன்... மாத்த மறந்துட்டேன்" என்று அத்தான் அசடு வழிந்தார்.

"போட்டதுதான் போட்டீங்க மாப்பிள்ளை, நல்ல போட்டோவா போட்டிருக்கக் கூடாதா?" என்றாள் அம்மா.

அம்மாவை க்ளிக் செய்தார். தலை முதல் கால்வரை பிங்க் நிறத்தில் ஒரு பஸ் வந்து நின்றது. மீசை சோபாவில் புரண்டு சிரித்தார். அக்கா முகம் தொங்கிப்போனது. எனக்கு அத்தானை அங்கேயே நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது.

நான் முகவரியைத் திறந்து பார்த்தேன். பெயிண்ட் படம் 'அத்தான் கம்ப்யூட்டரில், அவர் டெஸ்க்டாப்பில், புதுசு என்ற ஃபோல்டருக்குள்' என்று இருந்தது. என் லேப்டாப்பில் அது எப்படி இருக்கும்?

"எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சா போதுமா அத்தான்? பாவம், லேப்டாப்புக்குத் தெரிய வேணாமா?"

அவர் தலையைச் சொறிந்தபடியே பஸ்ஸை மெல்லத் திருப்பினார். பெயிண்டும் அழுக்கும் விளம்பரமும் இல்லாத அந்தப் பிங்க் உடம்பில் நசுங்கல் பளிச்சென்று தெரிந்தது.

மீசை சிரிப்பை நிறுத்தினார். "என்னங்க இது, இவ்வளவு பெருசா போட்டிருக்கீங்க? தூண்ல லேசாத்தானே உரசுச்சு!"



"எந்தத் தூண் சார்?" என்றாள் அக்கா.

மீசை தண்ணீர் கேட்டார். கூட வந்த ஐந்து பேரும் அவரையே பார்த்தார்கள். கடைசியில், "சரிம்மா, நான்தான். நாளைக்கு டிப்போவுல எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்" என்று முணுமுணுத்தார்.

இதெல்லாம் காதில் விழாத அத்தான் அதற்குள் தன் கம்ப்யூட்டரிலிருந்து படத்தை எடுத்துவந்து லேப்டாப்பில் பஸ்ஸின் ஃபோல்டருக்குள்ளேயே போட்டு, முகவரியையும் திருத்தியிருந்தார். "சரியாயிடுச்சு! பச்சை வந்துடுச்சு!" என்று குதித்தார்.

அக்கா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள்.

"வேணாங்க, திரும்பவும் பிங்க்காவே ஆக்கிடுங்க. பச்சையில சார் தூண்ல லேசா உரசினது சரியாத் தெரியல."