சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவது

கலிஃபோர்னியாவில், எங்கள் ஃப்ரீமான்ட் வீட்டில் அம்மா போட்ட சட்டங்களிலேயே கடுமையானது இது: யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் பெரியவர்கள் ஒவ்வொருவரிடமும் போய் "போயிட்டு வரேன்" என்று சொல்லிக்கொள்ள வேண்டும். அதனால் எங்கள் தமிழ்க் குடும்பக் கூட்டத்தில் பிறந்தநாள் விழாவைவிட விடைபெறுவது நீளமாக நடக்கும். சோபாவில் ஒரு முறை, செருப்பு மாட்டும்போது ஒரு முறை, டிரைவ்வேயில் ஒரு முறை, கார் கண்ணாடியை இறக்கச் சொல்லி இன்னொரு முறை. பக்கத்து ஊர் மில்பிடாஸ் அங்கிள் ஒருவர், தன் வீட்டிலிருந்து எங்கள் கார் நகர ஆரம்பித்த பிறகும் கதவைப் பிடித்துக்கொண்டு, ஃப்ரீவேயில் எந்த எக்ஸிட் எடுக்க வேண்டும் என்று சொல்லியபடி கூடவே நடந்து வருவார். நான் பிறந்ததிலிருந்து அந்த எக்ஸிட்டில்தான் போய்க்கொண்டிருந்தோம்.

மற்ற பிள்ளைகள் 'பை' என்று கையாட்டிவிட்டுக் காருக்குள் போய்விடும். நான் மட்டும் ஒருவர் விடாமல் சொல்வேன். "பாருங்க, இங்க பொறந்த பொண்ணு மாதிரியா இருக்கு" என்று ஆன்ட்டிகள் மெச்சுவார்கள். அந்தத் தலைக்கனத்தோடுதான் சான்டா கிளாரா அலுவலகத்தில் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு சென்னைக்குக் குடிபோனேன். ஊருக்குத் திரும்புகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். பிறக்காத ஊருக்கு எப்படித் திரும்புவது என்று யாரும் கேட்கவில்லை.

அம்பத்தூரில் அப்பாவின் அக்கா வீட்டில் தங்கினேன். அத்தை எனக்கென்று தண்ணீரைக் கொதிக்க வைத்தாள், ரசத்தில் மிளகைக் குறைத்தாள், சமையலறைப் பக்கம் போனால் "நீ உக்காரும்மா" என்றாள். என் வயதில் அவளுக்கு ஒரு பெண். அவளை, "எருமை, டம்ளரை எடுத்து வைக்கக் கை இல்லையா" என்று திட்டுவாள். என் டம்ளரைத் தானே எடுத்துக்கொண்டு போவாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரே ஒரு முறை என்னையும் எருமை என்று சொல்லிவிட மாட்டாளா என்று ஏங்கினேன். தெருவில் யார் கேட்டாலும் "அமெரிக்காவுல இருந்து வந்திருக்கா" என்பாள். மாதங்கள் போயும் நான் வந்துகொண்டேதான் இருந்தேன்.

எதிர் வீட்டுப் பெரியவர் இறந்த அன்று, "நீயும் வா, நம்ம வீட்டுலேர்ந்து ரெண்டு பேராவது போகணும்" என்றாள் அத்தை. நம்ம வீட்டுக் கணக்கில் நான் வந்துவிட்டேன். ஒரு சாவுக்கு அவ்வளவு சந்தோஷமாகக் கிளம்பியவள் நானாகத்தான் இருப்பேன். அங்கே பாயில் அடக்கமாக உட்கார்ந்தேன், போனைத் தொடவே இல்லை. கொஞ்ச நேரத்தில் அத்தை எழுந்து, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போனாள். துக்கத்தில் மறந்துவிட்டாள் போலிருக்கிறது, நம் வீட்டு மானத்தை நானாவது காப்பாற்றுவோம் என்று நினைத்தேன். இறந்தவரின் மனைவி கையைப் பிடித்து, தெளிவாக, "போயிட்டு வரேன் ஆன்ட்டி" என்றேன். பிறகு மகனிடம். பிறகு மருமகளிடம். கடைசியாக, அங்கிருந்தவர்களில் வயதானவராகத் தெரிந்த ஒருவரிடமும் போய்ச் சொன்னேன்.

அழுகை நின்றுவிட்டது. "மறுபடி எதுக்கும்மா வரணும்?" என்றார் அவர், நிஜமாகவே பயந்துபோய்.

வாசலில் அத்தை விளக்கினாள். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாதாம். போய்விட்டு வருகிறேன் என்றால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று அர்த்தமாம். நான் திட்டுக்குத் தயாராக நின்றேன். அவளோ உள்ளே பார்த்து, "பாவம், அமெரிக்காவுல வளர்ந்த பொண்ணு, அதுக்கு என்ன தெரியும்" என்றாள். எல்லோரும் உடனே மன்னித்துவிட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் பெண் இதைச் செய்திருந்தால் தெருவிலேயே முதுகில் ஒன்று விழுந்திருக்கும்.

அம்மாவைக் கூப்பிட்டுச் சண்டை போட்டேன். "இதை ஏன்மா சொல்லித் தரல?"

"இங்க யாருடி செத்தா, உனக்குச் சொல்லித் தர?" என்றாள் அம்மா.

உண்மைதான். எங்கள் கூட்டத்தில் பெரியவர்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே விசா, ஒரே டிரெட்மில். சாவெல்லாம் போனில்தான் வரும். அப்பா மட்டும் விமானம் ஏறிப் போய், மொட்டைத் தலையோடு திரும்புவார்.

கொஞ்ச காலத்தில் நானும் ஃப்ரீமான்டுக்கே வந்து சேர்ந்தேன். போன மாதம் அந்த மில்பிடாஸ் அங்கிள் இறந்துபோனார். எங்கள் கூட்டத்தில் முதல் சாவு. தகனம் முடிந்து அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். கிளம்பும்போது எல்லோரும் அவர் மனைவியைக் கட்டிக்கொண்டு, "டேக் கேர் பண்ணிக்குங்க, எதுன்னாலும் கால் பண்ணுங்க, அப்புறம் வரோம்" என்றார்கள். அடப்பாவிகளா என்று நினைத்துக்கொண்டேன். அம்பத்தூரில் பட்டுக் கற்ற பாடம் வீணாகக் கூடாதென்று, நான் மட்டும் வாயைத் திறக்காமல் எழுந்து வந்து காரில் ஏறினேன்.

ஆன்ட்டி செருப்புகூடப் போடாமல் டிரைவ்வேயில் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"என்னடி, சொல்லாமக்கூடப் போற?"

"சாவு வீட்டுல சொல்லிட்டுப் போகக் கூடாது ஆன்ட்டி."

"எருமை" என்றார். "அதெல்லாம் தெரு முழுக்கச் சொந்தக்காரங்க இருக்கற ஊருக்கு. இங்க நீங்கள்லாம் வரலைன்னா எனக்கு யாருடி வருவா? ஒழுங்கா சொல்லிட்டுப் போ."

"போயிட்டு வரேன் ஆன்ட்டி" என்றேன். காரை மெதுவாக எடுத்தேன். ஆன்ட்டி கதவை விடாமல் கூடவே நடந்து வந்தார்.

"எக்ஸிட் தெரியும்ல?"

"தெரியாது, சொல்லுங்க ஆன்ட்டி" என்றேன்.