ஆய்வகத்துக்குப் பின்னால் இருந்த கீரைப்பாத்தி

கடத்தூரில் ஆய்வகத்துக்குப் பஸ் ஏறும்போதே என் பையில் ஒரு கட்டு ஆவாரம் இலை இருக்கும். சுற்றுச்சூழலைக் கெடுக்காத முறையில் தாமிர நானோ துகள்கள் தயாரிப்பது என் முனைவர் பட்டத் தலைப்பு. கடுமையான ரசாயனத்துக்குப் பதிலாக இலைச்சாறு. மயில்துத்தம் என்னும் தாமிர உப்பின் கரைசலில் அந்தச் சாற்றை ஊற்றிச் சூடாக்கினால் நீலம் பச்சையாகி, பிறகு பழுப்பாகும். அந்தப் பழுப்பில்தான் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் இருக்கும்.

இருக்க வேண்டும். எனக்கு இரண்டு வருடமாக ஒழுங்காக வரவில்லை. கிடைத்த கொஞ்சமும் மறுநாளே காற்றுப் பட்டுக் கறுத்துப்போகும். பெரும்பகுதித் தாமிரம் தண்ணீரிலேயே தங்கிவிடும். அந்த வெளிர்நீலத் தண்ணீரை சிங்க்கில் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன்.

கண்ணாடிச் சாமான்களைக் கழுவித்தர ஓர் அக்கா இருந்தார். கட்டடத்துக்குப் பின்னால், சிங்க் தண்ணீர் வந்து விழும் இடத்தில் சிறுகீரை போட்டிருந்தார். எனக்கும் சில நாள் ஒரு கட்டு கொடுப்பார். ஒருநாள் பீக்கரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"இந்தவாட்டி கீரையே வரலைங்க மேடம். மொளச்சதும் மஞ்சளாயி அப்படியே நின்னுபோச்சு. வெத சரியில்லையாட்ட இருக்குது."

பின்னால் போய்ப் பார்த்தேன். குழாயடி மண்ணில் ஒரு பச்சைப் படிவு. பாசி இல்லை. ஒரு பிடி மண்ணை எடுத்துவந்து அமிலத்தில் கரைத்து வடிகட்டி, அமோனியா விட்டேன். அடர்நீலம் வந்தது. தாமிரம். இரண்டு வருடத்தில் சந்தேகமே இல்லாமல் எனக்குக் கிடைத்த முடிவு அது ஒன்றுதான்.

என் நெறியாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"இதையெல்லாம் தீசிஸ்ல எழுதாதீங்கம்மா. தலைப்பே அடிபட்டுப் போயிரும். இனிமே அந்தத் தண்ணிய கேன்ல புடிச்சு வைங்க."

பிடித்து வைத்தேன். மேசைக்கு அடியில் கேன்கள் சேர்ந்தன. எடுத்துப்போக ஆள் இல்லை.

அக்காவிடம் சொல்ல நான்கு நாள் ஆயிற்று.

"விதை இல்லக்கா. நான் ஊத்துன தண்ணிதான். அதுல தாமிரம் இருக்கு. இனிமே அங்க எதுவும் போடாதீங்க."

அவர் துணியைக் கீழே வைத்தார்.

"போன மாசம் வரைக்கும் வூட்ல அதத்தான் தின்னோமுங்க. பொண்ணு மாசமா இருக்குதுன்னு அவளுக்குத்தான் நெறையக் கடஞ்சு குடுத்தேன். ஒன்னும் ஆவாதுங்களா?"

"ஒன்னும் ஆகாதுக்கா" என்றேன்.

எனக்குத் தெரியாது. அந்தக் கீரையை நான் சோதித்ததில்லை. அவர் தலையாட்டிவிட்டு மறுபடி துடைக்க ஆரம்பித்தார். படித்தவள் சொல்கிறாள் என்று நம்பிவிட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கறுத்துப்போன தூளையே தாமிர ஆக்சைடு என்று எழுதி ஆய்வேட்டைக் கொடுத்தேன். வாய்மொழித் தேர்வில் துகளின் அளவைக் கேட்டார்கள், வடிவத்தைக் கேட்டார்கள். கழிவுநீரை என்ன செய்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனா என்பதில் எனக்கே நம்பிக்கை இல்லை. வெளியே வந்ததும் கைகொடுத்தார்கள். சால்வை போட்டார்கள்.

அதற்கு முன்பே அக்கா வேலையை விட்டுவிட்டார், மகளின் பிரசவத்தைப் பார்த்துக்கொள்ள. குழந்தை பிறந்துவிட்டதாக அலுவலகத்தில் சொன்னார்கள். அதற்குமேல் நான் விசாரிக்கவில்லை. அவருடைய நம்பர் என் போனில் இருக்கிறது. எடுத்துப் பார்ப்பேன். இன்றுவரை கூப்பிட்டதில்லை.