பதினாலு டேப்

தமிழ்மணி வாயில் நான்கு குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு, இடுப்பில் சாம்பல் சட்டியை இடுக்கிக்கொண்டு, புளியமரத்துக்கு முன்னால் வட்டமாகக் கோடு போட்டுக்கொண்டு வருகிறாள். அது கோலம் போடுகிற கை அல்ல, ரவிக்கைக்குக் கழுத்து வெட்டுகிற கை. ஓரிடத்திலும் வளைவு நெளியாது. தொடங்கிய இடத்திலேயே கோடு வந்து சேர்ந்ததும் நிமிர்ந்து, கழுத்தில் தொங்குகிற இன்ச் டேப்பை உருவி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் அளந்து பார்க்கிறாள். ஒரு டேப் ஐந்தடி. பதினாலு டேப் வர வேண்டும். வந்தால்தான் அடுத்த வேலை.

ஆவாரங்காட்டில் பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை கால்பந்துப் பந்தயத்தின் கடைசி ஆட்டம். மொரப்பூரிலிருந்து அரூர் போகிற ரோட்டில், பிரிவில் இறங்கி மூன்று கிலோமீட்டர் உள்ளே வந்தால் ஊர். நோட்டீசில் கோப்பை கொடுக்கிறவர் படம் இருக்கும், மாலை போடுகிறவர் படம் இருக்கும். வருகிற ஜனம் எப்படி வரும், வந்த வண்டி எங்கே நிற்கும் என்பது மட்டும் இருக்காது. அடியில் ‘தொடர்புக்கு’ என்று ஒரு நம்பர் உண்டு. அது தமிழ்மணியின் நம்பர். யாரும் அவளைக் கேட்டுப் போடவில்லை. அவள்தான் போடச் சொல்லிப் போட வைத்தாள்.

பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்தே அந்தப் போன் அடிக்கும். தையல் மிஷினை மிதித்துக்கொண்டே தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிப் பேசுவாள். வாயில் குண்டூசி இருக்கும். குண்டூசிக்கு இடையிலேயே சொல் தெளிவாக வரும். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். அவளுக்குக் கோபம் வந்தால் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையில் குத்திக்கொள்வாள். அவள் ஊசி எடுப்பதைக் கண்டால் ஊரில் பெரிய மீசைக்காரனும் பேச்சை மாற்றிவிடுவான்.

இந்த வருஷம் பாப்பாரப்பட்டி அணியின் மேனேஜர் பச்சியப்பன் கூப்பிட்டபோது அவள் கேட்ட முதல் கேள்வி இது:

“யாருக்காச்சும் மூட்டு வலி இருக்குதுங்களா?”

“பந்தாடறவனுக்கு எங்கம்மா மூட்டு வலி?”

“ஆடறவன யாருங்க கேட்டா? கூட பாக்க வர்றவங்களச் சொல்லுங்க. வலி இருந்தா ஒரு வழி, இல்லாட்டி ஒரு வழி.”

வலி இல்லாதவர்களுக்குத் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் அரூர் பஸ். பிரிவில் இறங்கி ஏரிக்கரை மேலேயே நடந்தால் அரை மணி. வலி உள்ளவர்கள் அதே பிரிவில் மரத்தடியில் காத்திருந்து ஊருக்குள் வருகிற டவுன் பஸ் ஏற வேண்டும். சேலத்துப் பக்கத்து ஆள் என்றால் ரயிலில் மொரப்பூர். வேன், கார், பைக் எல்லாம் அவளுடைய காட்டில். கேழ்வரகு அறுத்துத் தாள் மட்டும் நிற்கிற காடு. எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, போனை வைக்கும் முன் ஒன்றைச் சொல்லுவாள். அதை அவள் ஒருத்தருக்கும் சொல்லாமல் விட்டதில்லை.

“எதுல வேணா வாங்க. புளியமரத்தடியில மட்டும் வண்டிய வுட்றாதீங்க. அது பஸ்ஸு திரும்பற எடம்.”

காட்டில் அவள் வண்டி நிறுத்தும் அழகைப் பார்க்க வேண்டும். சீட்டு கிடையாது, காசும் கிடையாது. மடியில் வெட்டுத்துணிக் கட்டு. அரூர் பக்கம் திரும்பிப் போகிற வண்டியின் ஹேண்டில்பாரில் சிவப்புத் துணி, மொரப்பூர் பக்கம் என்றால் பச்சை, உள்ளூர் என்றால் பூப்போட்டது. சிவப்பெல்லாம் கிழக்கே, பச்சையெல்லாம் மேற்கே. ஆட்டம் முடிந்ததும் ஒன்றுக்கொன்று முட்டாமல் ஆற்றுத் தண்ணீர் பிரிவதுபோலப் பிரிந்து போகும். “தம்பி, ரெண்டு பைக்குக்கு நடுவுல ஒரு மொழம் வுடு. தையலுக்கு ஓரம் வுடாத துணி கிழிஞ்சுதான் போவும்” என்பாள். இளவட்டங்கள் சிரித்துக்கொண்டே ஒரு முழம் விடுவார்கள்.

அந்தப் புளியமரத்தடிக்கு வருவோம். ஊருக்கு ஒரே பஸ். காலை, மதியம், பொழுதோடு ஐந்து பத்துக்கு என்று மூன்று நடை. பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ். பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் ஒன்பது பேர் அதில்தான் அரூர் போய் வருகிறார்கள். ஊருக்கு அப்பால் ரோடு இல்லை, ஓடை. இந்தப் பக்கம் கோயில், அந்தப் பக்கம் பந்து மைதானம். பஸ் வளைந்து திரும்ப மரத்தடியை விட்டால் இடமே கிடையாது.

மூன்று வருஷத்துக்கு முன்பு, இதே கடைசி ஆட்டத்தன்று அந்த இடத்தில் ஏழு கார் நின்றது. இருந்த இடத்தில் பஸ்ஸை முன்னும் பின்னும் எடுத்துத் திருப்பப் பார்த்ததில் ஒரு சக்கரம் ஓடைக்குள் இறங்கிவிட்டது. திரும்ப இடமில்லாத ஊருக்கு வண்டி அனுப்ப முடியாது என்று டிப்போவில் நிறுத்திவிட்டார்கள். நாற்பத்தாறு நாள் பஸ் இல்லை. பொழுது சாய்ந்து பிரிவில் இறங்குகிற பிள்ளைகள் இருட்டில் மூன்று கிலோமீட்டர் நடந்தார்கள். இரண்டு வீட்டில், வயசுப் பெண் இருட்டில் நடந்து படிக்க வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். தமிழ்மணி பதினோரு பெண்களைக் கூட்டிக்கொண்டு டிப்போவுக்கு நான்கு தடவை நடந்தாள். இன்னொரு தடவை வழி அடைபட்டால் பஸ் பிரிவோடு நின்றுவிடும் என்ற கண்டிப்போடு பஸ்ஸைத் திரும்ப விட்டார்கள். பஸ் திரும்பி வந்தது. படிப்பை நிறுத்திய இரண்டு பேரும் திரும்பி வரவில்லை. ஒருத்திக்குக் கல்யாண ரவிக்கை தைத்துக் கொடுத்தது தமிழ்மணிதான். அந்த ரவிக்கைக்கு அளவெடுத்த அன்று அவள் வாயில் ஊசி இல்லை.

பஸ் திரும்பி வந்த முதல் நாள் டிரைவர் கோவிந்தனை நிறுத்தினாள். “இன்னொருக்கா திருப்புங்க, நான் பாக்கணும்” என்றாள். அவர் திருப்ப, சக்கரம் போன தடத்தின் மேலேயே சாம்பலைத் தூவிக்கொண்டு போனாள். பிறகு அளந்தாள். பதினாலு டேப்.

“பதிமூணுல திரும்பாதுங்களா?” என்று கேட்டாள்.

“திரும்பும். ஆனா ஓடையில போயித் திரும்பும்” என்றார் கோவிந்தன்.

அன்றிலிருந்து பதினாலு. பந்தயக் கமிட்டித் தலைவர் சவுரியப்பன், “ஒரு டேப் கொறைச்சுக்கலாமே, ஸ்டேஜ் போட எடம் பத்தல” என்று கேட்டதற்கு, “ஒங்க வூட்டம்மா ரவிக்கையில ஒரு இஞ்ச் கொறைச்சுத் தெச்சுத் தரட்டுங்களா? கை ஏறுதான்னு அவங்களயே கேட்டுச் சொல்லுங்க” என்றாள். ஸ்டேஜ் தள்ளிப் போனது.

இந்த வருஷம் சாம்பல் கோட்டுக்குள் நின்றது ஒரே ஒரு கார். வெள்ளைக் கார். கோப்பை கொடுக்க வந்த ஜல்லி கிரஷர் மாதவராஜுடையது. இவள் காட்டில் பச்சைத் துணி கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், நிழலைப் பார்த்து அங்கே விட்டுவிட்டு, பூட்டிக்கொண்டு, டிரைவர் ஆட்டம் பார்க்கக் கூட்டத்துக்குள் போய்விட்டான். இடைவேளையில் பார்த்துவிட்டுத் தமிழ்மணி நேரே சவுரியப்பனிடம் போனாள்.

“அக்கா, கப்பு குடுக்கறவரு. அவரப் போயி எப்படிக்கா எந்திரிக்கச் சொல்றது?”

“அவர எந்திரிக்கச் சொல்லல. கார எடுக்கச் சொல்றேன்.”

“ஒரு நாளு. ஒரு மணி நேரம்.”

“அன்னிக்கும் ஒரு நாளுதான்.”

மைக்கில் ஒரு தடவை கார் நம்பரைச் சொல்லிப் பார்த்தார் சவுரியப்பன். டிரைவர் வரவில்லை. மேடையில் பொன்னாடையோடு இருந்த மாதவராஜ் அதைத் தன் கார் என்றே கண்டுகொள்ளவில்லை. இரண்டாம் தடவை சொல்ல சவுரியப்பனுக்கு நாக்கு எழவில்லை.

பாப்பாரப்பட்டி ஒரு கோல் முன்னால். ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம். அப்போது உள்ளூர்ப் பையன் ஒருத்தனைக் கோலுக்குப் பக்கத்தில் தட்டி விழவைத்தார்கள். நடுவர் விசில் ஊதிப் பெனால்டி கொடுத்தார். ஊரே எழுந்து நின்றது. பந்தை வைத்து உதைக்க வந்தவன் குரு. தமிழ்மணியின் மகன். அதே நேரத்தில் ஊருக்கு வெளியே ரோட்டு மேட்டிலிருந்து இரண்டு ஹாரன் கேட்டது. ஐந்து நிமிஷத்தில் வந்துவிடுவேன் என்று கோவிந்தன் தினமும் கொடுக்கிற ஹாரன்.

தமிழ்மணி வாயிலிருந்து ஊசிகளை எடுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. முந்தானையில் குத்தினாள். கயிற்றைத் தூக்கிக் குனிந்து மைதானத்துக்குள் போனாள். குரு வைத்திருந்த பந்தை எடுத்து, அதே இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டாள்.

“பஸ்ஸு திரும்பற எடத்துல காரு நிக்குமுன்னா, பந்து ஓடற எடத்துல நான் ஒக்காருவேன்” என்றாள். சத்தமே போடவில்லை. ஆனால் அத்தனை கூட்டமும் வாயடைத்திருந்ததால் கடைசி வரிசை வரை கேட்டது.

குருவுக்கு முகம் சிவந்துவிட்டது. “யம்மா, எந்திரிம்மா. ஊரே பாக்குது.”

“பாக்கட்டும். பாக்கத்தான வந்திருக்கறாங்க.”

“ஒரே ஒரு ஒதைம்மா. அடிச்சிர்றேன், அப்பறம் என்னமோ பண்ணு.”

“பந்து எங்கயும் ஓடிப் போயிராது சாமி. பஸ்ஸு போயிரும்.”

பின்னாலிருந்து ஒருத்தன், “சார், ஆத்தாளுக்கு ரெட் கார்டு காட்டுங்க சார்!” என்று கத்தினான். நடுவர் நிஜமாகவே சட்டைப் பையில் கை வைத்தார்.

“எடுங்க சார்” என்றாள் தமிழ்மணி. “எடுத்துட்டுப் போயி அந்தக் காருக்குக் காட்டுங்க.”

சிரிப்பு பொங்கியது. பாப்பாரப்பட்டிக் கோல்காரன் கம்பத்தில் சாய்ந்துகொண்டு, குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டான். மாதவராஜுக்கு அதற்கு மேல் மேடையில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. பொன்னாடையோடே இறங்கி வந்தார்.

“ஏம்மா, ஒரு ஓசி பஸ்ஸுக்கா இத்தன அலப்பற?”

தமிழ்மணி பந்தை மடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

“ஓசிதாங்க. நீங்க காரு வுட்டிருக்கற நெழலு மட்டும் காசு குடுத்து வாங்குனதுங்களா? அந்த மரமும் ஓசி, அந்த மண்ணும் ஓசி. ஓசி எடத்துல ஓசி பஸ்ஸு திரும்பட்டுங்க. எங்க புள்ளைங்க ஏறி எறங்கட்டும். ஒங்க காருக்கு எங்காட்டுல எடம் போட்டு வெச்சிருக்கறேன். அதுவும் ஓசிதான்.”

மாதவராஜ் கூட்டத்தைப் பார்த்தார். சிரித்தவர்களெல்லாம் சிரிப்பை நிறுத்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து யாரோ “எடுக்கச் சொல்லுங்க” என்றார்கள். பிறகு நிறையப் பேர் சொன்னார்கள். அவர் டிரைவர் பெயரைச் சொல்லி ஒரு சத்தம் போட்டார். மைக்கில் கூப்பிட்டும் வராதவன் தண்ணீர்த் தொட்டி மேலிருந்து குதித்து ஓடி வந்தான்.

கார் கிளம்புகிற சத்தம் கேட்கும்வரை தமிழ்மணி எழவில்லை. கேட்டதும் எழுந்தாள். பந்தை இரண்டு கையாலும் அதே புள்ளியில் வைத்து, உருண்டு போகாமல் அழுத்திப் பார்த்தாள். மகனை ஒரு பார்வை பார்த்தாள்.

“மேல பாத்து ஒதைக்காத. காத்து அடிக்குது.”

அவ்வளவுதான். மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விறுவிறுவென்று ரோட்டுக்கு நடந்தாள். காரை வழியிலேயே மறித்து, கண்ணாடியில் பச்சைத் துணி ஒன்றைக் கட்டி, “மேக்கால, மூணாவது வரிச” என்று கை காட்டிவிட்டு மரத்தடிக்குப் போய் நின்றாள்.

பஸ் வந்தது. கோவிந்தன் தலையை வெளியே நீட்டினார். அவள் கையைத் தூக்கி வளைத்து, “வாங்க… ஒடிங்க… இன்னுங் கொஞ்சம்…” என்று வட்டத்தின் மேலேயே கூட்டிக்கொண்டு வந்தாள். பஸ் பாதி திரும்பியிருந்தபோது மைதானத்தில் விசில் ஊதியது. பிறகு ஊரே சேர்ந்து போட்ட பெருஞ்சத்தம். புளியமரத்துக் காக்கையெல்லாம் கிளம்பிப் பறந்தன. கோவிந்தனே பிரேக்கை மிதித்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

“அங்க என்ன பாக்கறீங்க? பின் சக்கரத்தப் பாருங்க” என்றாள் தமிழ்மணி.

பின் சக்கரம் கோட்டை உரசாமல் கடந்தது. பஸ் அரூரைப் பார்த்து நின்றது. தமிழ்மணி மரத்தடியில் வைத்திருந்த சட்டியிலிருந்து ஒரு பிடி சாம்பலை எடுத்து, குனிந்து, வெள்ளைக் காரின் டயர் அழித்துவிட்டுப் போயிருந்த இடத்தில் அறுந்த கோட்டை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் இழுத்துச் சேர்த்தாள்.