என் அடீனியமும் அவருடைய அல்லியும்

உசிலம்பட்டிக்கு வெளியே வீடு கட்டிக் குடிவந்தபோது வாசலில் ஒரு புல்கூட இல்லை. சுற்றிலும் காலி மனைகள், கருவேல முள், செம்மண். மருந்துக்கடை வேலை முடிந்து வந்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக எதையாவது பார்க்க வேண்டும்போல இருக்கும். மதுரைக்குப் போகும்போதெல்லாம் நர்சரியில் இறங்கி ரோஜா வாங்கி வந்தேன். சித்திரை வெயிலில் அத்தனையும் கருகின. குரோட்டன்ஸ் இலைகள் வெளுத்துத் தொங்கின. காகிதப்பூ மட்டும் பிடித்துக்கொண்டது.

அப்புறம்தான் அடீனியம் வாங்கினேன். அடி பருத்து, சப்பணமிட்டு உட்கார்ந்தது போலிருக்கும் செடி. வெயில் ஏற ஏறப் பூக்கும். தண்ணீரைத் தண்டிலேயே சேர்த்து வைத்துக்கொள்வதால், மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். நம் ஊருக்கு இதுதான் சரி என்று, ரோஸ், சிவப்பு, வெள்ளை என மொட்டைமாடி ஓரமாக வரிசை கட்டினேன்.

என் கணவர் டவுன் பஸ் ஓட்டுகிறார். எழுமலைப் பக்கம் மானாவாரி விவசாயக் குடும்பம். வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் மோட்டாரைப் போட்டுவிட்டு, கையில் குழாயோடு நிற்பார். அவர் ஊற்றிய ஊற்றில் காகிதப்பூ இலையாகத் தள்ளியது. பூ பேருக்கு நாலு.

“அதைக் கொஞ்சம் காயப் போடுங்க. அப்பத்தான் பூக்கும்.”

“வாடிப்போய் நிக்கிது. பாத்துட்டு எப்படிச் சும்மா போறது?”

அடீனியம் பக்கம் மட்டும் போகக் கூடாது என்று கறாராகச் சொல்லியிருந்தேன். தலையாட்டினார்.

போன வருடம் வாடிப்பட்டியில் இருக்கும் என் தங்கைக்கு ஆபரேஷன் நடந்தது. துணைக்கு இரண்டு வாரம் அங்கே தங்கிவிட்டுத் திரும்பினேன். பையை வைத்துவிட்டு நேரே மாடிக்குத்தான் போனேன். இலைகள் மஞ்சளாக உதிர்ந்து கிடந்தன. பெரிய செடியின் அடியை அமுக்கினேன். பழுத்த சப்போட்டாவில் இறங்குவதுபோல விரல் உள்ளே போனது. ஒரே நாற்றம். பக்கத்துச் செடியும் அப்படித்தான்.

அவர் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தார்.

“இதுக்குத் தண்ணி ஊத்துனீங்களா?”

“கொஞ்சமாத்தான்.”

“கொஞ்சம்னா எம்புட்டு?”

எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. வாய்க்கு வந்ததைப் பேசினேன். அவர் கீழே போய்க் கத்தி எடுத்து வந்தார். நான் அழுகலைச் சீவிச் சீவி எடுக்க, அவர் செடியைப் பிடித்துக்கொண்டார்.

“எங்கய்யா தெனமும் கடலைக் காட்டுக்குப் போவாரு,” என்றார் திடீரென்று. “மழை இல்லாம செடி தலை தொங்கி நிக்கும். பாத்துட்டு வந்துருவாரு. ஊத்துறதுக்கு என்னா இருக்கு? இங்க குழாயத் தெறந்தா தண்ணி கொட்டுது. கை சும்மா இருக்க மாட்டேங்குது.”

கோபம் உடனே போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். மறுநாளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தேன். சீவிய தண்டுகளை நிழலில் உலர்த்தி நட்டதில் இரண்டு பிழைத்தன. ஆனால் அவர் சொன்னது மனதிலேயே நின்றது. அடுத்த தடவை மதுரை போனபோது ஒரு சிமெண்டுத் தொட்டியும் அல்லிக் கிழங்கும் வாங்கி வந்தேன்.

“இது உங்களுக்கு.”

“எம்புட்டு ஊத்தணும்?”

“விளிம்பு வரைக்கும். கொறையக் கொறைய ஊத்துங்க.”

“அழுகிராதா?”

“அழுகாது.”

நம்பாமல்தான் வாங்கிக்கொண்டார். ஆனால் அன்றைக்கே கண்மாய் வண்டல் கொண்டுவந்து கிழங்கை நட்டார். கொசு வராமலிருக்கச் சின்ன மீன்கள் கொஞ்சம் வாங்கி விட்டார். வட்ட இலைகள் மேலே வந்தன, பிறகு மொட்டு, பிறகு நீலப் பூ. ஒரு சிக்கல்தான். அவர் இருட்டோடு முதல் டிரிப்புக்குக் கிளம்புகிறவர். இது ராத்திரி பூக்கும் அல்லி இல்லை; வெயில் வந்த பின்தான் விரியும், சாயங்காலம் அவர் வருமுன் கூம்பிவிடும். அதனால் நான் கடைக்குக் கிளம்பும் முன் படம் பிடித்து அனுப்பினேன். அவருடன் வரும் கண்டக்டர் ஒருநாள் மாத்திரை வாங்க வந்தபோது சிரித்தார்.

“அக்கா, டீக்கடையில ஒரு ஆள் பாக்கி இல்ல. அண்ணே எல்லாருக்கும் காட்டிட்டாரு.”

அடுத்து வந்த ஓய்வு நாளில், தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நானும் காபியோடு போனேன். மொட்டு மெல்ல இளகி, ஒவ்வொரு இதழாக விலகியது. முழுதாக விரியும் முன்பே ஒரு தேனீ உள்ளே புகுந்துவிட்டது.

“நல்லா இருக்குல்ல?” என்றார். காபியைக் குடித்து முடித்துவிட்டு, “வாசல்ல ஒரு மரமல்லி வைப்போமா?”

“கரண்டுக் கம்பி போகுதே.”

“தள்ளி வச்சாப் போச்சு.”

எங்கே வைப்பது என்று வெகுநேரம் வழக்காடினோம். கடைசியில் கம்பிக்கு எட்டாத தூரத்தில், மனையின் மேற்கு மூலையில் நட்டோம். ஆடு கடிக்காமலிருக்க அவர் முள் வெட்டி வந்து சுற்றிலும் அடைத்தார். இப்போது அது என் தோள் உயரம் இருக்கிறது.