பஸ் யாருக்காக நிற்கிறது

ஜெர்மனியில் நான் இருக்கும் ஊரில் பஸ்ஸுக்கு எட்டுப் பேர் காத்திருந்தால், கம்பம் நட்டது போல் தள்ளித் தள்ளி நிற்பார்கள். ஒருவர் மூச்சு இன்னொருவர் மேல் பட்டுவிடக் கூடாது. பலகையில் எட்டு பதினான்கு என்று போட்டிருந்தால் எட்டு பதினான்குக்கு வண்டி கிளம்பிவிடும். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு தாய் கதவைத் தட்டத் தட்ட, டிரைவர் நேரே பார்த்தபடி ஓட்டிப் போனதை முதல் வாரமே பார்த்தேன். இதுகளெல்லாம் மனிதப் பிறவிகளா என்று வீட்டுக்கு போன் போட்டுத் திட்டினேன். எங்கள் உத்திரமேரூர் பஸ் ஆளுக்காக நிற்கும் என்று கூட வேலை செய்கிற தமிழர்களிடம் பீற்றிக்கொண்டேன்.

பீற்றலோடு விட்டிருக்கலாம். ஒருநாள் காலையில் பஸ் ஏறும்போது, தூரத்தில் ஒரு பெண் தலைதெறிக்க ஓடி வருவதைப் பார்த்தேன். ஒரு காலைப் படியில் வைத்து, மறுகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, டிரைவரிடம் "பிட்டே வார்ட்டன்" என்றேன். தயவுசெய்து பொறுங்கள் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மன். மூட முடியாத கதவு கத்தித் தீர்த்தது. அந்தப் பெண் வந்தாள், எங்களைத் திரும்பியும் பார்க்காமல் தாண்டி ஓடிப் போனாள். டிரைவர் சொன்னதில் ஜாகிங் என்பது மட்டும் புரிந்தது. உடம்பு இளைக்க ஓடுகிறாளாம். எங்கள் பக்கத்தில் பஸ்ஸுக்குத் தவிர வேறு எதற்கு ஒரு பொம்பளை ஓடுவாள்? உள்ளே ஒருவராவது சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன். எல்லோரும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

போன மாதம் லீவில் வந்தேன். தங்கை மலருக்குக் காஞ்சிபுரத்தில் போலீஸ் வேலைக்கான எழுத்துத் தேர்வு. இந்த வருடத்தோடு அவளுக்கு வயது வரம்பு முடிகிறது, இதை விட்டால் இனி எழுத முடியாது. ஒன்பதரைக்கு கேட்டை மூடிவிடுவார்கள். கார் வைத்துக்கொண்டு போகலாம் என்றாள். எட்டு மணி பஸ் போதும் என்று சொன்னவன் நான்தான்.

வழியில் ஒரு நிறுத்தத்தில், களை எடுக்கப் போகும் நான்கு பெண்கள் தூக்குவாளியோடு ஓடி வந்தார்கள். கண்டக்டர் விசிலடிக்க, வண்டி அவர்களை விட்டுவிட்டு நகர்ந்தது. அடுத்த நிறுத்தத்தில் நின்றது நின்றதுதான். பத்து நிமிடம் பொறுத்த மலர் எழுந்து போய்க் கேட்டாள்.

"இரும்மா, பெரிய வூட்டுக்காரரு நாஷ்டா துன்னுக்கினு கீறாரு. தோ வந்துருவாரு" என்றார் கண்டக்டர்.

இருபத்தைந்து நிமிடம் கழித்து அந்த மகானுபாவர் துண்டில் கை துடைத்தபடி நிதானமாக நடந்து வந்தார். ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். ஈரம், மனிதத்தன்மை என்று நான் அங்கே பீற்றிய லட்சணம் இதுதான். பஸ்ஸில் ஒருத்தருக்கும் வாய் திறக்கத் துப்பில்லை. நானும் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கேட்டைப் பூட்டி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. மலர் கெஞ்சிப் பார்த்தாள். காவலுக்கு நின்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் அழுவாள் என்று பயந்தேன், அழவில்லை. ஹால் டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்தாள்.

"அந்தாளு துன்னு முடிக்கற வரிக்கும் நீயும் குந்திக்கினுதானேண்ணா இருந்த?"



திரும்பும்போதும் அதே பஸ்தான். மலர் ஏறிவிட்டாள். அவளுக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கக் கடைக்குப் போனேன். அதற்குள் வண்டி நகர ஆரம்பித்துவிட்டது. காலையிலேயே என்னிடம் எந்த நாடு, என்ன வேலை என்று விசாரித்து வைத்திருந்த கண்டக்டர், விசிலடித்து நிறுத்தினார்.

"வெளிநாட்டுக்காரரு வர்றாரு, நிறுத்துப்பா."

நான் மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டு நடந்தே வந்து ஏறினேன். கண்டக்டர் கை காட்டவும், முன் சீட்டில் கைக்குழந்தையோடு இருந்த பெண் எழுந்துகொண்டாள். மலர் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றபடி என்னையே பார்த்தாள்.

நான் உட்கார்ந்தேன்.