தொப்பி மணிக்கு வந்த அரசாங்க உத்தரவு

அறுபதுகளின் கடைசியில் தாம்பரத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பௌதிகம் நடத்திக்கொண்டிருந்தேன். எனக்கு இருபத்தாறு வயது. வீடு இரும்புலியூரில். பள்ளிக்கு ஒரு வேன் இருந்தது. ராணுவம் கழித்துக் கட்டியதை வாங்கி, உள்ளே பெஞ்சு போட்டு, வெளியே நீலச் சாயம் அடித்திருந்தார்கள். காலையில் பம்மலில் கிளம்பி, தாம்பரம் தாண்டி மாடம்பாக்கம் வரை போய்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, கடைசியாக என்னையும் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கு வரும். அதை ஓட்டியவரைப் பிள்ளைகள் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். நாங்களும் அப்படியே. முப்பத்தைந்து வயதிருக்கும். அவர் பிரேக் போட்டால் டிபன் கேரியர்கூட அசையாது.

அப்படிப்பட்டவர் ஒரு நவம்பர் காலையில் ரயில்வே கேட்டில் தூங்கிவிட்டார். அன்று ஏதோ வேலையாக மாடம்பாக்கம் போயிருந்த நான் அங்கிருந்தே வேனில் வந்துகொண்டிருந்தேன். ரயில் போயிற்று, கேட் திறந்தது, எங்கள் வேன் மட்டும் நகரவில்லை. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துத் தீர்த்தன. எட்டிப் பார்த்தால், ஸ்டியரிங்கைப் பிடித்த கை பிடித்தபடியே இருக்க, முகவாய் நெஞ்சில் படிந்திருந்தது. தோளைத் தொட்டு எழுப்பினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

அடுத்த வாரம் மாடம்பாக்கம் ஏரிக்கரை அருகே வேன் சாலையை விட்டு மெதுவாக இறங்கி, நட்டு முடித்த வயலுக்குள் நான்கடி போய்ச் சேற்றில் நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஒரு ஜோடி மாட்டைப் பூட்டி இழுத்து வெளியே கொண்டுவரப் பத்தரை மணி ஆயிற்று. முதல் பீரியடில் கணக்குப் பரீட்சை இருந்ததால் பிள்ளைகளுக்கு அன்று கொண்டாட்டம். சேறு பூசிய பாவாடைகளோடு பாட்டுப் பாடிக்கொண்டு வந்து இறங்கினார்கள்.

தலைமையாசிரியைக்குச் சந்தேகம் வேறு திசையில் போயிற்று. மதுவிலக்கு அமலில் இருந்த காலம்தான். அதற்காகச் சரக்கு கிடைக்காத ஊர் என்று ஒன்று இருந்ததா என்ன. அம்மாள் என்னைத் தனியே அழைத்து, "நீ போய்ப் பேச்சுக் கொடு. வாசனை வருதா பாரு" என்றார். டிரைவர் நிதானத்தில் இருக்கிறாரா என்று கண்டுபிடிக்க அன்றைக்கு எங்களிடம் இருந்த ஒரே கருவி என் மூக்குதான்.

போனேன். பாய் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வாசனை வந்தது. வசம்பு, ஓமத்தண்ணீர், புளித்த பால். அந்த வாசனைக்கு ஒரே அர்த்தம்தான். குழந்தை பிறந்திருக்கிறதா என்று கேட்டேன். பாய் முகம் மலர்ந்து இரண்டு விரலைக் காட்டினார்.

"ரெண்டும் பொண்ணு டீச்சரம்மா. ஒண்ணு தூங்குனா இன்னொண்ணு முழிச்சிக்கினு கீது. ரெண்டு தோள்லயும் போட்டுக்கினு வூட்டுக்குள்ளயே நடந்துகினு இருக்கேன்."

மனைவிக்கு உடம்பு இன்னும் தேறவில்லை, உதவிக்கு ஆளில்லை என்றார். வேலை போய்விடுமா என்று மட்டும் கேட்டார். போகாது என்று நானாகவே சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்ல எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது.

தலைமையாசிரியையிடம் போய், எனக்கு ஒரு வாரம் கொடுங்கள், பாய் கண் அசந்தால் எழுப்புகிற மாதிரி ஏதாவது செய்து தருகிறேன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அதுவரை நீயே பம்மலுக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வா என்றார். அந்த ஒரு வாரமும் விடிவதற்கு முன் எழுந்து, முதல் ரயில் பிடித்து, பஸ் மாறி, பம்மல் போனேன். பத்தாம் வகுப்புக்கு நான் நடத்தும் பாடமெல்லாம் பாய்க்கு மனப்பாடம் ஆயிற்று.

கருவி எளிமையானதுதான். தூங்குகிறவனுக்குத் தலை முன்னால் சாயும். ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஒரு சொட்டுப் பாதரசம், அதன் ஒரு முனையில் இரண்டு செம்புக் கம்பிகள். குப்பி சாய்ந்தால் பாதரசம் ஓடிவந்து கம்பிகளைச் சேர்க்கும், மின்சாரம் பாயும், மணி அடிக்கும். குப்பியைப் பாயின் காக்கித் தொப்பிக்குள் தைத்தேன். வயரைக் காலர் வழியாக இறக்கி வேனின் பாட்டரியில் கொடுத்தேன். பரிசோதனைக்கூடத்து மின்சார மணியைச் சீட்டுக்குப் பின்னால் மாட்டினேன்.

முதல் நாள் அது நிற்கவே இல்லை. பள்ளத்தில் இறங்கினால் அடித்தது, பாய் கியரைக் குனிந்து பார்த்தால் அடித்தது, தும்மினால் அடித்தது. ஒவ்வொரு முறையும் வேன் முழுக்கச் சிரிப்பு. குரோம்பேட்டையில் ஒரு ஐஸ்காரர் யாரோ போட்டிக்கு வந்துவிட்டதாக நினைத்து எங்களை முறைத்துப் பார்த்தார்.

பாதரசம் சற்று நிதானமாக ஓட வேண்டும். அதனால் குப்பிக்குள் தேங்காயெண்ணெய் விட்டேன். இரண்டு நாள் அருமையாக வேலை செய்தது. டிசம்பர் குளிர் வந்ததும் எண்ணெய் உறைந்து, பாதரசம் உள்ளேயே சிக்கிக்கொண்டது. அதற்கு மருந்து சொன்னவர் பாய்தான். குழந்தைக்கு வாங்கியது மிச்சம் இருக்கிறது, விளக்கெண்ணெய் விட்டுப் பாருங்கள், அது உறையாது என்றார். விட்டோம். இப்போது தலை சாய்ந்து, ஒன்று இரண்டு என்று எண்ணி முடித்த பிறகே மணி அடித்தது. பள்ளம் மேடு எதற்கும் அசையவில்லை. அன்று மத்தியானம் தலைமையாசிரியையே தொப்பியை வாங்கிப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடித் தலையைச் சாய்த்துப் பார்த்தார். மணி அடித்ததும் வாய்விட்டுச் சிரித்தார். ஐந்து வருஷத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பிப்ரவரியில் வண்டிக்கு எஃப்.சி., அதாவது ஓட்டத் தகுதிச் சான்று, வாங்க வேண்டியிருந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டோரம் ஒரு திடலில் வண்டிகளை வரிசையாக நிறுத்துவார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். மணியைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல நானும் போனேன். ஒல்லியான மனிதர், வெயிலுக்குக் குடை பிடித்திருந்தார். பிரேக், விளக்கு, ஹாரன் எல்லாம் சரி. கடைசியில் சீட்டுக்கடியில் அந்த வயரைப் பிடித்துவிட்டார். பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் முன்னால் போய் முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். இன்ஸ்பெக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு பையிலிருந்து தடிமனான விதிப்புத்தகத்தை எடுத்து, குடையைப் பாயிடம் கொடுத்துவிட்டு, நின்றபடியே புரட்டினார்.

"திடுக்கிட வைக்கிற மாதிரி சத்தம் போடற எதையும் வண்டியில மாட்டக் கூடாதுன்னு இருக்கே மேடம்."

"திடுக்கிட வைக்கத்தான் சார் செஞ்சதே" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கேட்டு வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, வேனில் ஏறித் திடலை இரண்டு சுற்றுச் சுற்றினார். பள்ளத்தில் இறக்கினார். குனிந்து பெடலைப் பார்த்தார். பிறகு வண்டியை நிறுத்திக் கண்ணை மூடித் தலையைத் தொங்கவிட்டார். மணி அடித்தது. மற்ற டிரைவர்கள் எல்லாம் சுற்றிக் கூடிவிட்டார்கள். தனக்கும் ஒன்று வேண்டும் என்று ஒரு லாரிக்காரர் என் காதருகே சொன்னார்.

இறங்கி வந்த இன்ஸ்பெக்டர் பாயைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். நான் யோசித்தே பார்த்திராத கேள்வி.

"மணி எழுப்பிடும்கற தைரியத்துல நீ நிம்மதியாத் தூங்கிட்டா?"

பாய் குடையைக் கை மாற்றிக்கொண்டார். "இது அடிச்சா பின்னாடி அத்தனை புள்ளைங்களும் சிரிக்குது சார். பம்மல்ல ஏறுதே ஒரு சின்னப் பொண்ணு, அது எறங்கறப்போ குட் மார்னிங் சொல்லிட்டுப் போவுது. அந்த வெக்கத்துக்கே தூக்கம் வர்றதில்ல."

அப்போதுதான் இன்ஸ்பெக்டர் சிரித்தார். ஆனாலும் கையெழுத்துப் போடவில்லை. புத்தகத்தில் வேறொரு பக்கத்தைப் புரட்டிப் படித்தார். வண்டியில் பொருத்துகிற எதற்கும் மேலிடத்து அனுமதி வேண்டும், அதை என்னால் மீற முடியாது என்றார். டிரைவர் என்ன உடுத்த வேண்டும் என்பதற்கும் விதி இருக்கிறதாம். காக்கி வேண்டும், பேட்ஜ் வேண்டும். தொப்பிக்குள்ளும் சட்டைப் பையிலும் என்ன இருக்கக் கூடாது என்று மட்டும் எந்த விதியும் இல்லை. இதைச் சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்குப் புரிய அரை நிமிஷம் ஆயிற்று. அங்கேயே வயரையும் மணியையும் கழற்றினேன். வேன் சுத்தமாயிற்று, எஃப்.சி.யும் கிடைத்தது. அன்று சாயங்காலமே டார்ச் லைட் பாட்டரி இரண்டும் ஒரு சின்ன பஸரும் பாயின் சட்டைப் பைக்குப் போயின.

இன்ஸ்பெக்டர் அதோடு விடவில்லை. நல்லது என்றால் எல்லா வண்டிக்கும் வர வேண்டும், ஆபத்து என்றால் பையில்கூட இருக்கக் கூடாது, எதுவென்று மேலிடம் சொல்லட்டும் என்று தலைமை அலுவலகத்துக்கு அவரே எழுதிப் போட்டார். ஏப்ரலில் எனக்கு ஒரு படிவம் வந்தது. வரைபடம் மூன்று பிரதி, தயாரிப்பாளர் பெயர், தொழிற்சாலை முகவரி, பயன்படுத்தும் எண்ணெயின் தரம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் விடுமுறையிலும் வந்து வரைபடம் போட்டார்கள். தொழிற்சாலை என்ற இடத்தில் பௌதிகப் பரிசோதனைக்கூடம் என்று எழுதினேன். எண்ணெயின் தரம் என்ற இடத்தில், கைக்குழந்தைக்குக் கொடுக்கத் தக்கது என்று எழுதினோம்.

மழைக்காலம் தொடங்கும்போது பதில் வந்தது. மேற்படி கருவியை மேற்படி வேனில் மட்டும், சோதனையாக ஓராண்டுக்குப் பொருத்திக்கொள்ள அரசுக்கு ஆட்சேபணை இல்லை. ஓட்டுநர் உறங்கிய தருணங்களை ஒரு நோட்டில் குறித்து அனுப்ப வேண்டும். குறிக்க எதுவுமே இல்லை. ஜூன் மாதத்திலிருந்தே பாய் வீட்டில் எல்லோரும் நன்றாகத் தூங்குகிறார்கள், பஸர் அடித்து மாதக்கணக்காகிவிட்டது. இருந்தாலும் உத்தரவு உத்தரவுதான். மணியை மறுபடி சீட்டுக்குப் பின்னால் மாட்டி, மாதா மாதம் 'இல்லை' என்று எழுதி அனுப்பினேன்.

உத்தரவைப் பாய்க்குப் படித்துக் காட்டியபோது, எழுந்து நின்று கேட்டார். பிறகு, வீட்டில் காட்டிவிட்டுத் தருகிறேன் என்று வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்.

"எங்க வூட்டுக் கொழந்தைங்க அழுததுக்குக் கவர்மென்ட்டு ஆர்டர் போட்டிருக்குன்னு சொன்னா, எங்க வூட்ல நம்பமாட்டாங்க டீச்சரம்மா."

அந்த மாதமே குழந்தைகளுக்கு ஒரு வயது நிறைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சர்ச்சில் ஆராதனை முடித்த கையோடு நானும் தலைமையாசிரியையும் பம்மலுக்குப் பிரியாணி சாப்பிடப் போனோம். பாயே வேனில் வந்து அழைத்துப்போனார். அங்கே எங்களுக்கு முன்பே இன்ஸ்பெக்டர் வந்து கோரைப்பாயில் உட்கார்ந்திருந்தார். அவர் சைவம் என்பதால் பாயின் மனைவி அவருக்காகத் தனிப் பாத்திரத்தில் தேங்காய்ச் சோறு செய்திருந்தார். இரட்டையரில் ஒருத்தி அவர் மடியில் ஏறி நின்று, மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி அவருடைய குடையைத் தரையில் தேய்த்துக்கொண்டே வாசல்வரை தவழ்ந்துவிட்டாள். இன்ஸ்பெக்டர் எதையும் தடுக்கவில்லை. கண்ணாடி இல்லாத கண்களைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்து, அந்த விளக்கெண்ணெயை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள் என்று மும்முரமாக விசாரித்தார்.